ரத்தத்தில் 34: மது அளவுப் பரிசோதனைச் சீட்டை எப்படிப் படிப்பது?

சாலை விபத்தில் அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வந்த ஒருவரின் ஆய்வகச் சீட்டில் 'எத்தனால் 34' என்று அச்சாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எத்தனால் என்பது நாம் மது என்று சொல்லும் பொருள்; 100 மி.லி.க்கு 34 மி.கி. என்பது அந்த எண்ணின் பொருள். இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்கான வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. முப்பதைத் தாண்டிவிட்டதால் போலீஸ் ஒன்று எழுதும், காப்பீட்டு நிறுவனம் ஒன்று எழுதும், வீட்டாரும் அதையே நம்பிவிடுவார்கள். ஆனால் அதே சீட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'மாதிரி: சீரம்' என்று இருந்தால் கதை மாறிவிடும். அவருடைய முழு ரத்தத்தில் இருந்த மது ஏறக்குறைய 30தான். வரம்புக்கு மேலே இருந்தாரா, கீழே இருந்தாரா என்று அந்தச் சீட்டை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது.

காரணம் எளிது. மது நீர் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும் பொருள். சீரம் என்பது ரத்தம் உறைந்து, அணுக்கள் கீழே தங்கிய பிறகு மேலே நிற்கும் தெளிந்த திரவம். அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நீர். சிவப்பணுக்களில் நீர் எழுபது அளவில்தான் இருக்கும். அணுக்களை நீக்கிவிட்டு அளந்தால் எண் கூடித்தான் வரும். சராசரியாக 1.14 மடங்கு, ஆளுக்கு ஆள் 1.04 முதல் 1.26 வரை வேறுபடும். 34-ஐ 1.14-ஆல் வகுத்தால் 29.8. 1.04-ஆல் வகுத்தால் 32.7, 1.26-ஆல் வகுத்தால் 27. ரத்தசோகை உள்ளவருக்கு அணுக்கள் குறைவு என்பதால் இந்த இடைவெளியும் குறுகும். சட்டம் பேசுவது ரத்தத்தைப் பற்றி. மருத்துவமனை இயந்திரங்களில் பெரும்பாலானவை அளப்பது சீரத்தை அல்லது பிளாஸ்மாவை (உறைய விடாமல் அணுக்களை நீக்கிய ரத்தத் திரவம்). சீட்டு கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது எண்ணை அல்ல, மாதிரியின் பெயரை.

அடுத்து அலகு. 100 மி.லி.க்கு 30 மி.கி. என்பதும், 0.03 சதவீதம் என்பதும், லிட்டருக்கு 0.3 கிராம் என்பதும் ஒன்றே. சில ஆய்வகங்கள் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்ற கணக்கில் தரும். அந்த எண்ணை 4.6-ஆல் பெருக்கினால் 100 மி.லி.க்கு எத்தனை மி.கி. என்பது கிடைக்கும். சிங்கப்பூரில் வரம்பு 80 மி.கி., மலேசியாவில் 2020-க்குப் பிறகு 50 மி.கி. அங்கிருந்து வரும் உறவினர் "எங்கள் ஊரில் இது குற்றமே இல்லை" என்று சொன்னால் அவர் சொல்வது உண்மைதான். இங்கே அது செல்லாது.

மது உடம்பில் நடந்துகொள்ளும் விதத்தைக் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லார்ஜ், அதாவது 60 மி.லி. பிராந்தியில் (இந்தியாவில் வழக்கமான வீரியம் 42.8 சதவீதம்) ஏறக்குறைய 20 கிராம் மது இருக்கிறது. 180 மி.லி. குவார்ட்டரில் 61 கிராம். 650 மி.லி. பீர் 5 சதவீதமாக இருந்தால் 25 கிராமுக்குச் சற்று மேல். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 41 கிராம், இரண்டு லார்ஜுக்குச் சமம். "பீர்தானே" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதே இல்லை.

இந்தக் கிராமை ரத்த அளவாக மாற்றும் சூத்திரத்தைத் தந்தவர் சுவீடனைச் சேர்ந்த எரிக் வித்மார்க். 1922-ல் விரல் நுனியில் எடுக்கும் சில துளி ரத்தத்திலேயே மதுவை அளக்கும் முறையைக் கண்டவரும் அவரே. உடல் எடையை ஆணுக்கு 0.68-ஆலும் பெண்ணுக்கு 0.55-ஆலும் பெருக்கி, குடித்த கிராமை அதனால் வகுக்க வேண்டும். எழுபது கிலோ ஆண் ஒரு குவார்ட்டர் குடித்தால்: 61-ஐ 48-ஆல் வகுக்க, கிலோவுக்கு 1.27 கிராம். 100 மி.லி. கணக்கில் ஏறக்குறைய 130 மி.கி. ஐம்பத்தைந்து கிலோ பெண் ஒரே ஒரு லார்ஜ் குடித்தாலும் 67 வரை வரும். இவை வெறும் வயிற்றில், குடித்தது முழுவதும் ரத்தத்தில் சேர்ந்ததாக வைத்துப் போடும் உச்சக் கணக்கு. வயிறு நிறைய சாப்பிட்டிருந்தால் உச்சம் தாழ்ந்து, தாமதமாகவும் வரும். வெறும் வயிற்றில் அரை மணி முதல் ஒன்றரை மணிக்குள் உச்சத்தைத் தொடும்.

இறங்குவது இன்னொரு கணக்கு. கல்லீரல் மதுவை மணிக்கு இவ்வளவு என்ற ஒரே சீரான வேகத்தில் எரிக்கிறது. ரத்த அளவு மணிக்கு 10 முதல் 25 மி.கி. வரை குறையும், பலருக்கு 15-ஐ ஒட்டி இருக்கும். காபியோ, மோரோ, எலுமிச்சைச் சாறோ, தலைக்குக் குளிப்பதோ இந்த வேகத்தை மாற்றுவதில்லை. மேலே சொன்ன எழுபது கிலோக்காரர் இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பித்து இரண்டு குவார்ட்டர் முடித்தால் கணக்குப்படி 260. காலை ஆறு மணிக்கு ஒன்பது மணி நேரம் கழிந்து 135 குறைந்திருக்கும், மீதி 125. நன்றாகத் தூங்கி, பல் துலக்கி, தெளிவாக எழுந்து லாரி எடுப்பவரின் ரத்தத்தில் சட்ட வரம்பைப் போல் நான்கு மடங்கு மது. 30-க்கு இறங்க மறுநாள் நண்பகல் ஆகிவிடும். தொடர்ந்து குடிப்பவர்களுக்கு வேகம் கூடுதலாக இருக்கும், மணிக்கு 20 என்றே வைத்தாலும் காலை எட்டரை தாண்டும். அதிகாலைச் சோதனையில் "நேற்று ராத்திரி குடித்தது சார்" என்று ஓட்டுநர் சொல்வது பல நேரம் பொய்யல்ல. அது அவருக்குத் தப்பிக்க வழியும் ஆகாது.

இனி ஊசி ஏறும் இடத்துக்கு வருவோம். இந்தப் பரிசோதனையில் இயந்திரம் தவறுவது அபூர்வம். இயந்திரத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே தவறு நடந்து முடிந்திருக்கும்.

எந்த ஊசிக்கும் முன்னால் கை தானாக எடுப்பது ஸ்பிரிட் பஞ்சு. இங்கே அதைத் தொடக் கூடாது. போவிடோன் அயோடின் போதும். அதுவும் இல்லாவிட்டால் சோப்பும் நீரும் போதும். ஸ்பிரிட் நன்றாகக் காய்ந்த பிறகு குத்தினால் உள்ளே போகும் அளவு மிகச் சொற்பம் என்பது உண்மைதான். ஆனால் ஈரத்தோடு குத்தி, ஊசியை எடுக்கும்போது அதே ஈரப் பஞ்சை வைத்து அழுத்தினால் நுனியில் மது ஒட்டும். அதைவிட முக்கியம், குறுக்கு விசாரணையில் "எதைக் கொண்டு துடைத்தீர்கள்?" என்ற ஒரு கேள்வியில் முழு அறிக்கையும் ஆட்டம் கண்டுவிடும். எதைக் கொண்டு துடைத்தோம் என்பதைப் பதிவேட்டில் எழுதுவது ஒரு வரி வேலை. கைக்குத் தடவும் சானிடைசரும் மதுதான். தடவிய கையோடு திறந்த குழாயைப் பிடிக்கக் கூடாது. ஒரு கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தால் மறு கையில் எடுக்க வேண்டும்.

குழாய் சாம்பல் நிற மூடி போட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பொடி தெரியும்: சோடியம் ஃபுளோரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும். ஆக்சலேட் ரத்தத்தை உறைய விடாது. ஃபுளோரைடு நுண்ணுயிர்களை முடக்கும். குழாய்க்குள் ஒட்டிவந்த ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைப் புளிக்கவைத்து மதுவைப் புதிதாக உண்டாக்கிவிடலாம். கள் புளிப்பது போலத்தான். குடிக்காதவரின் ரத்தத்தில் மது தோன்றுவதற்கு இதுவே முக்கிய வழி. இங்கே ஒரு சிக்கல் உண்டு. சர்க்கரைப் பரிசோதனைக்கு எடுக்கும் சாதாரண சாம்பல் மூடிக் குழாயில் ஃபுளோரைடு ஒரு மி.லி. ரத்தத்துக்கு இரண்டரை மி.கி. அளவில்தான் இருக்கும். சில மணி நேரத்தில் அளந்துவிடும் மருத்துவமனைப் பரிசோதனைக்கு அது போதும். வாரக்கணக்கில் காத்திருக்கப்போகும் தடயவியல் மாதிரிக்கு ஒரு மி.லி.க்கு 10 மி.கி. வேண்டும், 10 மி.லி. குழாயில் 100 மி.கி.

ரத்தத்தைக் குறியிட்ட அளவு வரை நிரப்ப வேண்டும். நிரப்பியவுடன் குழாயைக் குலுக்காமல், எட்டு பத்து முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் ஸ்டாண்டில் சொருகிவிட்டால் பொடி அடியிலேயே கட்டியாக நிற்கும், மேலே ரத்தம் உறையும், உறைந்த ரத்தத்திலிருந்து சரியான அளவை உறிஞ்சி எடுக்க ஆய்வாளர் திண்டாடுவார். மது ஆவியாகும் பொருள் என்பதால், பாதி காலியாக விட்டு மூடி தளர்வாக இருந்தால் அளவு குறையவும் செய்யும். அப்புறம் பெயர், தேதி, மணி, நிமிடம், எடுத்தவர் கையொப்பம், அரக்கு முத்திரை. நாலு டிகிரி குளிரில் வைப்பு. வெயிலில் மேசை மேல் இரண்டு நாள் கிடந்த குழாயை எந்த இயந்திரத்தாலும் மீட்க முடியாது.

ஆய்வகத்தில் இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன. மருத்துவமனைகளில் இருப்பது நொதி முறை. ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதி மதுவை அசிட்டால்டிஹைடாக மாற்றும்; கூடவே என்.ஏ.டி.எச். என்ற பொருள் உண்டாகும். அது 340 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்பதைப் பார்த்து மதுவின் அளவைச் சொல்வார்கள். சில நிமிடங்களில் விடை வரும், சிகிச்சைக்கு இது நல்ல முறை. ஆனால் இயந்திரம் பார்ப்பது மதுவை அல்ல, என்.ஏ.டி.எச்.சை. ரத்த ஓட்டம் குலைந்து கடும் அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கும், தசைகள் நசுங்கியவருக்கும் ரத்தத்தில் லாக்டேட்டும் எல்.டி.எச். நொதியும் மிக அதிகமாகிவிடும். அவை இரண்டும் சேர்ந்து குழாயிலேயே என்.ஏ.டி.எச்.சை உண்டாக்க, ஒரு சொட்டுகூடக் குடிக்காதவருக்கு மது இருப்பதாக எண் வரலாம். விபத்தில் மோசமாக அடிபட்டவருக்குத்தான் இந்த நிலை வரும், அவருக்குத்தான் இந்த எண்ணால் கேடும் அதிகம்.

தடய அறிவியல் ஆய்வகங்கள் நம்புவது வாயு நிறப்பகுப்பியல். ஒரு மி.லி.க்கும் குறைவான ரத்தத்தை எடுத்து, அளவு தெரிந்த புரோபனால் கரைசலோடு ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் சேர்த்து, ரப்பர் அடைப்பும் அலுமினிய மூடியும் வைத்து இறுக்கிச் சூடாக்குவார்கள். ரத்தம் கீழேயே நிற்க, ஆவியாகும் பொருள்கள் மட்டும் குப்பியின் மேல்வெளியில் சேரும். அந்த வாயுவில் கொஞ்சத்தை உறிஞ்சி, மெல்லிய நீண்ட குழாய்க்குள் ஓடவிட்டால் ஒவ்வொரு பொருளும் தன் நேரத்தில் தனியாக வெளியே வரும். மெத்தனால் (விஷச்சாராயத்தில் இருக்கும் நச்சு மது) முதலில், அதன் பின் எத்தனால், பிறகு மற்றவை. தாளில் தனித்தனிச் சிகரங்களாகத் தெரியும். சேர்த்த புரோபனாலின் சிகரத்தோடு ஒப்பிட்டு எத்தனாலின் அளவைக் கணிப்பதால் உறிஞ்சியதில் ஏற்பட்ட சிறு பிழைகள் அடிபட்டுப்போகும். இரண்டு வேறுபட்ட குழாய்களில், இரண்டு தடவை ஓட்டி, நான்கும் ஒத்துப்போனால் அந்த எண்ணை நம்பலாம். அறிக்கையில் 'வாயு நிறப்பகுப்பியல், முழு ரத்தம்' என்ற சொற்கள் இருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது.

சாலையில் ஊதச் சொல்லும் கருவி ரத்தத்தைப் பார்ப்பதே இல்லை. நுரையீரலின் ஆழத்தில் ரத்தத்துக்கும் காற்றுக்கும் இடையே மது ஒரு விகிதத்தில் பங்கு பிரியும், 2,100 மி.லி. மூச்சுக்காற்றில் இருக்கும் மது 1 மி.லி. ரத்தத்தில் இருப்பதற்குச் சமம் என்று வைத்துக்கொண்டு கருவி பெருக்கிச் சொல்கிறது. சராசரி மனிதருக்கு உண்மை விகிதம் 2,300-ஐ ஒட்டி இருப்பதால், 2,100 என்று வைப்பது பெரும்பாலும் ஊதுபவருக்குச் சாதகம். கருவிக்குள் இருப்பது பிளாட்டினம் பூசிய எரிபொருள் மின்கலம். மது அதில் பட்டு மின்னோட்டம் உண்டாகும். சர்க்கரை நோயாளியின் மூச்சில் வரும் அசிட்டோன் அதில் வினை புரியாது, அந்தப் பயம் வேண்டாம்.

உண்மையான பிழை வாயிலிருந்து வரும். மது கலந்த மவுத்வாஷ், ஹோமியோபதிச் சொட்டு மருந்து, அரிஷ்டம் இவை வாயில் தங்கியிருக்கும் சில நிமிடங்களுக்கு எண் தாறுமாறாக ஏறும். ஏப்பம் விட்டாலும் அப்படித்தான். பதினைந்து நிமிடம் எதுவும் வாயில் போடாமல் காத்திருந்து மறுபடி ஊதினால் வாய் மது போய்விடும், ரத்தத்து மது மட்டும் மிஞ்சும். 10 சதவீத மது உள்ள அரிஷ்டத்தை 30 மி.லி. குடித்தால் உடம்புக்குள் போவது இரண்டரை கிராமுக்கும் குறைவு. எழுபது கிலோ ஆளின் ரத்தத்தில் அது 5 மி.கி.தான். ஆக, மருந்து குடித்ததால் ரத்தப் பரிசோதனையில் 80 வந்தது என்ற வாதம் நிற்காது. ஊதியவுடன் 80 வந்து, பதினைந்து நிமிடம் கழித்து 4 வந்தது என்றால் அந்த வாதம் நிற்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு மூச்சுக் கருவியையும் ஆய்வகச் சோதனையையும் இரண்டையுமே ஏற்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அடுத்த முறை இரண்டு வருடம் வரை, 15,000 ரூபாய். ஊத மறுத்தாலும், ஊதி மது காட்டினாலும், கைதானவரின் ரத்தத்தைப் பதிவு பெற்ற மருத்துவரிடம் கொடுக்கச் சொல்ல 204-வது பிரிவு இடம் தருகிறது. கைதான இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்காவிட்டால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று 202-வது பிரிவு சொல்கிறது. நேரத்தைப் பற்றி இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம், மணிக்கு 15 வீதம் சாட்சியே கரைந்துகொண்டிருக்கிறது என்பதுதான்.

அதனால் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டிய நிலை வரும். விபத்து இரவு பத்து மணிக்கு, ரத்தம் எடுத்தது ஒரு மணிக்கு, அளவு 20 என்றால், மூன்று மணி நேரத்துக்கு மணிக்கு 10 முதல் 20 வரை கூட்டி, விபத்தின்போது 50 முதல் 80 வரை இருந்திருக்கலாம் என்று சொல்லலாம். விபத்துக்கு வெகுநேரம் முன்பே குடித்து முடித்து, உச்சத்தைத் தாண்டி இறங்கத் தொடங்கியிருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு செல்லும். கடைசி மடக்கை விழுங்கிப் பத்து நிமிடத்தில் மோதியவருக்கு, மோதும்போது அளவு ஏறுமுகத்தில் இருந்திருக்கும். அவருக்கு இந்தக் கூட்டல் பொய்க்கணக்கு. ஒரே எண்ணாகச் சொல்லாமல் ஒரு வீச்சாகச் சொல்லும் நிபுணரையே நம்ப வேண்டும்.

பரிசோதனையே செய்யாமல் ஏ.ஆர். காப்பியில் (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில்) 'மது வாசனை வந்தது' என்று ஒரு வரி எழுதி முடிப்பதுதான் நம் ஊரில் மிகுதி. வாசனை குடித்ததைச் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. வாய் வாசனை, தள்ளாட்டம், விரிந்த கண்மணி, குழறல் இவற்றை மட்டும் வைத்துக் குடிபோதை என்று முடிவு செய்ய முடியாது, ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்திருக்க வேண்டும் என்று 1971-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு குற்ற வழக்கில் சொன்னது. ஆனால் 2021-ல் ஒரு காப்பீட்டு வழக்கில், சோதனை இல்லாவிட்டாலும் மற்ற சூழ்நிலைகளை வைத்துக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம் என்றும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு வரிக்குப் பிறகு ஒரு குடும்பத்துக்குக் காப்பீடு கிடைக்காமல் போகக்கூடும் என்பதை எழுதும் கை நினைவில் வைத்திருக்க வேண்டும். குடிக்காதவரின் வீட்டார் ரத்தம் எடுக்கச் சொல்லி அப்போதே எழுத்தில் கேட்பது நல்லது. ஆறு மணி நேரம் கழித்து எடுப்பதில் பெரிய பயன் இல்லை.

பிரேதப் பரிசோதனையில் விதிகள் வேறு. இதயத்திலிருந்து ரத்தம் எடுத்தால் வயிற்றில் கிடக்கும் மது அங்கே கசிந்திருக்கலாம். தொடைச் சிரையில்தான் எடுக்க வேண்டும். உடல் அழுகத் தொடங்கினால் மது தானாகவே உண்டாகும் என்பதால் கண்ணின் உட்திரவத்தையும் சேர்த்து அனுப்புவார்கள். கண் எளிதில் அழுகாது.

ரத்த மது அளவோடு பலர் போட்டுக் குழப்பிக்கொள்ளும் வேறு சோதனைகளும் உண்டு. சிறுநீரில் பார்க்கும் எத்தில் குளுக்குரோனைடு குடித்து மூன்று நாள் வரை காட்டும். ரத்தத்தில் பார்க்கும் பாஸ்படிடில் எத்தனால் வாரக்கணக்கில் காட்டும். இவை குடிப்பழக்கத்தை அறிய உதவுபவை. வண்டி ஓட்டும்போது போதையில் இருந்தாரா என்பதற்கு விடை இவற்றில் கிடையாது.

இந்தப் பரிசோதனையை எல்லோரும் வழக்கோடு சேர்த்தே நினைக்கிறார்கள். உயிரோடு சேர்த்து நினைக்க வேண்டிய இடம் விஷச்சாராயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே கொடுமை. மருத்துவமனையின் நொதி முறை எத்தனாலுக்காக ஆனது; மெத்தனாலை அது ஏறக்குறைய கண்டுகொள்ளாது. வாந்தி, வயிற்றுவலி, கண்ணில் மங்கலோடு வந்தவரின் சீட்டில் 'எத்தனால்: இல்லை' என்று வந்தால் குடிக்கவில்லை என்று பொருளல்ல. அது இன்னும் பெரிய ஆபத்தின் அறிகுறியாக இருக்கலாம். மெத்தனால் நேரடியாகக் கொல்வதில்லை. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற பன்னிரண்டு முதல் இருபத்துநாலு மணி நேரம் எடுக்கும், அதன் பிறகே பார்வை நரம்பு கருகும். கூட எத்தனாலும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். நன்றாக இருக்கிறார் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் மறுநாள் கண் தெரியாமல் வருவது இதனால்தான்.

மெத்தனாலை அளக்கும் வாயு நிறப்பகுப்பியல் கருவி எல்லா ஊரிலும் இல்லை. ஆனால் ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் ரத்த வாயுப் பரிசோதனையும், ரத்தத்தில் கரைந்திருக்கும் துகள்களின் மொத்த அளவான ஆஸ்மோலாலிட்டியும் மாவட்ட மருத்துவமனையில் செய்யக்கூடியவை. சோடியம், சர்க்கரை, யூரியா, எத்தனால் இவற்றை வைத்துக் கணக்கிட்ட ஆஸ்மோலாலிட்டியைவிட இயந்திரம் அளந்தது வெகுவாகக் கூடினால், கணக்கில் வராத ஏதோ ஒன்று ரத்தத்தில் கரைந்திருக்கிறது. மெத்தனால் 100 மி.கி. இருந்தால் அந்த இடைவெளி 31 அளவுக்கு விரியும். நேரம் கடந்து வந்தவரிடம் இடைவெளி சுருங்கியிருக்கும், ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கும்; இடைவெளி இல்லை என்று அப்போது ஆறுதல் கொள்ளக் கூடாது.

சிகிச்சையில் எத்தனாலே மாற்றுமருந்தாகிறது. மெத்தனாலையும் மாற்றுவது அதே ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் நொதிதான்; அதை எத்தனால் பிடித்துவைத்துக்கொண்டால் மெத்தனால் விஷமாக மாற வழியில்லை. அந்த நொதியைத் தடுக்கும் ஃபோமெபிசோல் மருந்து கையில் இல்லாத இடத்தில் ரத்த எத்தனால் அளவை 100 முதல் 150 மி.கி.க்குள் நிறுத்திவைக்க வேண்டும். 100-க்குக் கீழே போனால் நொதி விடுபட்டு விஷம் மறுபடி உண்டாகும். வெகுவாக மேலே போனால் மூச்சு அடங்கும் ஆபத்து உண்டு. ஆகவே இரண்டொரு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து அதே பரிசோதனையைச் செய்து, சொட்டின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வைக்க வேண்டும். டயாலிசிஸ் தொடங்கினால் மெத்தனாலோடு எத்தனாலும் வெளியேறிவிடும். அந்த நேரம் முழுவதும் எத்தனாலின் அளவைக் கூட்டிக் கொடுத்து, இன்னும் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும்.